தவறிய அழைப்புகள்: பூஜ்ஜியம்

1

இன்று காலை ஒரு பேக்கரிக்காரரின் கடையில் நின்றுகொண்டு, பதில் தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்தேன்.

கேள்வி ரொம்பச் சாதாரணமானது. அவருக்கு ஊருக்குள் மூன்று கடைகள். மூன்றுக்கும் தனித்தனி டெலிபோன். ஒரு கடையில் ஆள் பேசிக்கொண்டிருந்தால், அடுத்துக் கூப்பிடுகிறவர் இரண்டு முறை பார்த்துவிட்டு வேறு பேக்கரிக்குப் போய்விடுகிறார். "உங்கள் இன்டர்நெட் டெலிபோனைப் போட்டால் எனக்கு ஒரு அழைப்புகூடத் தவறாது என்று உறுதி தருவீர்களா?" என்று கேட்டார்.

பத்து வருடமாக நான் இந்த ஜெர்மன் ஊரில் விற்பதே அந்த உறுதியைத்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன மாதம் என் கம்பெனியில் பத்தாண்டு முடித்ததற்காக ஒரு சான்றிதழும் ஒரு பூந்தொட்டியும் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழில்கூட இந்த வாசகம்தான் அச்சடித்திருக்கிறது. ஆனால் இன்று வாய் வரவில்லை. "சில அழைப்புகளை எடுக்காமல் விட வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். அதுவும் அரைகுறை இலக்கணத்தில்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டெலிபோன் விற்க வந்தவன் டெலிபோனை எடுக்காதே என்கிறானே என்று நினைத்திருப்பார். அடுத்த வாரம் வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆபீசுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு டிராம் ஏறி வீட்டுக்கு வந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து யாராவது படித்தால், என் அக்காவிடம் போய் வத்தி வைக்க வேண்டாம். அவளுக்கு ஏற்கனவே என்மேல் போதுமான கோபம் இருக்கிறது.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய டெலிபோன் கம்பிகளைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வழியாகவே பேசும் ஏற்பாட்டைக் கடைகளுக்கும் டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் பொருத்திக் கொடுப்பது என் வேலை. ஒரே நம்பர் ஐந்து இடத்தில் அடிக்கும். ஆபீசை வேறு தெருவுக்கு மாற்றினாலும் நம்பர் மாறாது. ஆள் இல்லாவிட்டால் மிஷின் எடுத்து வணக்கம் சொல்லும், எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று கேட்கும், உரியவருக்குத் தள்ளிவிடும். பேசியதெல்லாம் பதிவாகும். செலவும் கம்மி. இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இந்த வசதிகளை நான் மனதார நம்புகிறவன். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

என்னைப் போன்ற ஆட்களுக்கும் இது பெரிய வரம். நான் வந்த புதிதில் கார்டு வாங்கி, அதிலுள்ள எண்ணைச் சுரண்டி, பதினாறு இலக்கம் அழுத்தி, ஊரோடு நாலு வார்த்தை பேசுவதற்குள் கார்டு தீர்ந்துவிடும். இப்போது அக்கா வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுவரை பார்க்கலாம். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் காரியத்தைக்கூட அப்படித்தான் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. ஆனாலும் பார்த்தேன்.

இங்கே இன்னொரு வழக்கம் உண்டு. டெலிபோனை எடுத்தால் 'ஹலோ' என்று சொன்னால் மரியாதை இல்லை, குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் காலியாக விட முடியாமல் அப்பா பெயரை நிரப்பினார்கள். அதனால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் போனை எடுத்து "கோவிந்தசாமி" என்று இறந்துபோன அப்பாவின் பெயரைச் சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னவன் இல்லை. எங்கள் பக்கம் அப்பன் பெயரைச் சொன்னால் முதுகில் விழும்.

இந்த நாட்டின் காகித மோகத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இன்டர்நெட் டெலிபோனுக்கு மாறுவதற்கான விண்ணப்பத்தை இன்டர்நெட்டில் அனுப்ப முடியாது. அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்ப வேண்டும். கையெழுத்து கட்டத்தைத் தாண்டினால் திரும்பி வரும். நான் இதை நினைத்து ஊரில் சிரித்திருக்கிறேன். நம் ஊரில் வேறு விதமாக அழ வேண்டியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

3

என் அக்கா பச்சையம்மாள் கச்சிராயபாளையத்தில் இருக்கிறாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மாமாவுக்கு விபத்தில் இடது கால் போன பிறகு, அவர் ஓட்டிக்கொண்டிருந்த டெம்போவை விற்காமல் அவளே தொழிலை எடுத்துக்கொண்டாள். வண்டி ஓட்ட சேகர் என்று ஒரு ஆள். ஏவல், ஏற்பாடு எல்லாம் அக்கா. கல்வராயன் மலைமேல் இருக்கிற ஊர்களிலிருந்து குச்சிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு வந்து, கீழே சேகோ பேக்டரிகளில் இறக்குவது வேலை. ஜவ்வரிசியாகும் மரவள்ளியைத்தான் எங்கள் பக்கம் குச்சிக் கிழங்கு என்போம்.

இந்தக் கிழங்குக்கு ஒரு குணம். மண்ணுக்குள் இருக்கும்வரை மாதக்கணக்கில் இருக்கும். பிடுங்கிவிட்டால் மூன்றாம் நாள் உள்ளே கருப்பு ஓட ஆரம்பித்துவிடும். பேக்டரியில் ஒன்றை ஒடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே பிடுங்கிய அன்றோ மறுநாளோ வண்டி மலை ஏறியாக வேண்டும். எந்த ஊரில் எப்போது பிடுங்கினார்கள் என்பது அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும். தொழிலே அதுதான்.

பொங்கலுக்குப் போயிருந்தேன். நான்கு நாள் அக்கா வீட்டில் இருந்தேன். அவளுடைய பழைய பட்டன் போன், வாசற்படி ஆணியில் ஒரு மஞ்சள் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. அடிக்கும். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள், எடுக்க மாட்டாள். நின்றுவிடும். திரும்ப அடிக்கும். தலையை மட்டும் தூக்கிக் கேட்டுவிட்டு மறுபடியும் தண்ணீர் காட்டுவாள். பத்து வருடம் டெலிபோன் விற்றவனுக்கு அதைப் பார்த்தபோது ரத்தம் கொதித்தது.

"யக்கா, கஸ்டமர் கூப்புடறான், எடுக்க மாட்டியா?"

"எடுத்தா கோச்சிக்குவாங்கடா" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போனை எடுத்தால் கோபித்துக்கொள்ளும் கஸ்டமரை உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. என் கம்பெனியில் சொல்லிக்கொடுத்த பாடத்தை அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். மாமாவும் கட்டிலில் இருந்தபடி தூபம் போட்டார்.

"சேகோ பேக்டரி மேனேஜர் கத்தறாருப்பா. போனு போட்டா இவ எடுக்கறதே இல்லன்னு. லோடு ஒண்ணு சின்னசேலம் ஆளுக்குப் போயிடுச்சி" என்றார்.

அது உண்மைதான். கீழே இருக்கிறவர்களுக்கு அவள் கிடைப்பதே இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. நோயைக் கண்டுபிடித்துவிட்டேன், மருந்து என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசி நாள் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ரிங் உட்டா தெரியுமில்ல அதுல?"

"ஒரு ரிங்குகூடத் தவறாதுக்கா" என்றேன்.

"அப்ப செரி" என்றாள். தம்பி வெளிநாட்டில் இதே வேலையாக இருக்கிறவன், யோசித்துத்தான் செய்வான் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

4

நம் ஊரில் நம்பர் வாங்கின கதை தனி. ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, இங்கிருந்தே எல்லாவற்றையும் முடுக்கினேன். சேவை தரும் கம்பெனி கேட்டது: தொழில் பதிவுச் சான்று, முகவரிச் சான்று, உரிமையாளர் அடையாளம், நேரடி வீடியோச் சரிபார்ப்பு.

தொழில் பதிவு கிடையாது. வண்டி மாமா பெயரில். தொழில் செய்கிறவள் அக்கா. "உரிமையாளர் அவரா, நீங்களா?" என்று வீடியோவில் ஒரு பையன் கேட்க, "அவுருது வண்டி, என்னுது வேல" என்றாள் அக்கா. அந்தப் பதிலுக்கு அவனிடம் கட்டம் இல்லை. விண்ணப்பம் திரும்பிவிட்டது. ஆதாரில் பச்சையம்மாள், பாங்கு புத்தகத்தில் பச்சையம்மா. இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு சான்று வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரமாகிவிட்டது, எல்லா ஆபீசும் பக்கத்திலேயே வந்துவிட்டது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆபீஸ் பக்கத்தில் வந்தது, வரிசை குறையவில்லை. இரண்டு நாள் பஸ் ஏறிப் போய் நின்றாள். ஒரு நாள் சர்வர் இல்லை. இன்னொரு நாள் சர்வர் இருந்தது, ஆள் இல்லை.

"இதெல்லாம் வாணாண்டா தம்பி. எனுக்கு அந்த பட்டன் போனே போதும்" என்றாள்.

நான்தான் விடவில்லை. இங்கேயிருந்து அரட்டி, கெஞ்சி, மாமாவை அவள்மேல் ஏவி, எப்படியோ வாங்கிவிட்டேன். அவளுடைய பழைய நம்பருக்கு வரும் எல்லா அழைப்பையும் புதிய ஏற்பாட்டுக்குத் திருப்பிவிட்டேன். அழைப்பு வந்தால் முதல் ரிங்கிலேயே மிஷின் எடுக்கும். செய்தி வாசிப்பவரைப் போல ஒரு பெண் குரலைத் தேர்ந்தெடுத்தேன். 'வணக்கம். பச்சையம்மாள் டெம்போ சர்வீஸ். கிழங்கு ஏற்ற ஒன்றை அழுத்தவும். மற்ற விவரங்களுக்கு இரண்டை அழுத்தவும்.' ஒன்றை அழுத்தினால் அக்காவின் வீடியோ போன், மாமா போன், சேகர் போன் மூன்றும் ஒரே நேரத்தில் அடிக்கும். யாரும் எடுக்காவிட்டால் ஜெர்மனியில் எனக்கு அடிக்கும். கச்சிராயபாளையத்து நம்பர் என் சமையலறையில் அடிக்கப்போகிறது என்று பெருமை பிடிபடவில்லை எனக்கு.

அக்கா அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, "யார்ரா இவ, இம்மாம் சுத்தமா பேசறா? எங்க ஊர்ல இப்படிப் பேசனா கல்யாணப் பேச்சே நின்னுபூடும்" என்று சிரித்தாள்.

முதல் வாரம் நன்றாகப் போனது. சேகோ பேக்டரி மேனேஜர் கூப்பிட்ட உடனே பேச முடிகிறது என்று பாராட்டினாராம். சின்னசேலம் ஆளுக்குப் போன லோடு திரும்பி வந்தது. மாமா கட்டிலிலிருந்தே நாலு அழைப்பை எடுத்துப் பேசி, ரொம்ப நாளைக்குப் பிறகு தானும் ஒரு வேலை செய்கிற ஆள் என்று நிமிர்ந்து உட்கார்ந்ததாக அக்கா சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நல்லது நடந்ததையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

5

பதினைந்து நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இல்லை.

"தம்பி, மலையிலேர்ந்து ஒருத்தரும் ரிங் உடல. சீசன் ஓடிக்கினு இருக்குது. வண்டி சும்மா நிக்குது. இன்னா பண்ணி வெச்ச?"

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதில் எல்லாம் வண்ணவண்ணமாகத் தெரியும். வந்த அழைப்புகள், எடுத்த அழைப்புகள், தவறிய அழைப்புகள்.

"நான் ஒண்ணும் தப்பாப் பண்ணலக்கா. எல்லா காலும் எடுத்திருக்குது. இதோ என் கண்ணு முன்னால இருக்குது. தவறிய அழைப்பு பூஜ்ஜியம்."

"அப்பிடின்னா?"

"ஒரு மிஸ்டு கால்கூட இல்லன்னு அர்த்தம்."

 

"ஒண்ணுகூடவா?" என்றாள்.

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப எல்லாத்தையும் எடுத்துட்டுதா அது? மலைக்காரங்க உட்ட ரிங்கையும்?"

"ஆமாங்கிறேன். அதுக்குத்தானே போட்டோம்."

"அடப்பாவி" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "எடுத்தா வண்டி இல்லன்னு அர்த்தம்டா."

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பொங்கலன்று இதைத்தான் சொல்ல வாயெடுத்தாள், நான்தான் சிரித்துக் கெடுத்தேன். மலைமேல் பல ஊர்களில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மேட்டிலோ பாறைமேலோ ஏறினால் ஒரு கோடு வரும். அதில் பேச்சு நிற்காது, உடைந்து உடைந்து போகும். ஆனால் ரிங் போகும். ஒரு ரிங் விட்டு வைத்தால், மூட்டை கட்டியாகிவிட்டது, நாளைக்கு வா. இரண்டு தடவை விட்டால், இன்றைக்கே வா. அக்கா எடுக்கவில்லையென்றால், சரி, வருகிறேன் என்று பொருள். எடுத்து உடனே வைத்துவிட்டால், இன்றைக்கு வண்டி இல்லை, வேறு ஆள் பார். நம்பரின் கடைசி இரண்டு எண்ணை வைத்து எந்த ஊர், யார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் ஆறு ஊர்த் தொழில் நடந்துகொண்டிருந்தது.

பதினைந்து நாளாக நான் தேர்ந்தெடுத்த அந்தப் பெண் குரல், மலையிலிருந்து வந்த ஒவ்வொரு ரிங்கையும் எடுத்து எடுத்து, வண்டி இல்லை, வண்டி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ சிரிச்ச" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

6

என் கம்பெனி விற்கும் வசதிகளில் ஒன்று, எல்லா அழைப்பும் பதிவாகும் என்பது. ஊர் ஏற்பாட்டிலும் அதைப் போட்டிருந்தேன். அன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

பெரும்பாலும் நாலு விநாடி, ஐந்து விநாடி. காற்று. 'வணக்கம்' என்று மிஷின் தொடங்கும். துண்டிப்பு. மறுபடியும் காற்று, வணக்கம், துண்டிப்பு. நடுவில் எங்கோ ஒரு சேவல். யாரோ இருமுவது.

என் மகள் நிலா பக்கத்தில் வந்து நின்றாள். பதினான்கு வயது. அவளுக்கும் டெலிபோனுக்கும் ஆகாது. முன்னால் எழுதிக் கேட்காமல் யாராவது கூப்பிட்டால் அது மரியாதைக் குறைவு என்பாள். அவளுடைய அத்தை வீடியோவில் வந்தால், நான் அவளைச் சோபாவிலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். "நல்லா இருக்கியா கண்ணு?" "நல்லா." "சாப்ட்டியா?" "ஆமாம்." அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்ப்பாள், விடுதலை கொடு என்பதுபோல. நான் ஒவ்வொரு தடவையும் கோபப்படுவேன். அவளோடு சண்டை போட்டு ஒன்றும் ஆகவில்லை.

அறுபத்தேழு என்று முடியும் ஒரு நம்பரிலிருந்து நான்கு நாளில் ஆறு அழைப்பு இருந்தது. அது சின்னப்பொண்ணு என்று பிறகு மாமா சொன்னார். வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கிற ஊர். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்க, தனியாகக் கிழங்கு வைத்திருக்கிறவள். அக்காவுக்குப் பதினொரு வருடத்துக் கஸ்டமராம். வீட்டிலிருந்து சிக்னல் கிடைக்கும் பாறைக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டுமாம்.

முதல் அழைப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பக்கத்தில் யாரிடமோ சொல்கிறாள்: "எடுத்துட்டா. இன்னிக்கும் வண்டி இல்லியாம்." நான்காவதில் பெருமூச்சு மாதிரி ஒன்று. ஐந்தாவது அழைப்பில் அவள் வைக்கவில்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவையாகப் பேசிவிட்டாள்.

"பச்சம்மா, பச்சம்மா. கெழங்கு புடுங்கிப் போட்டு மூணு நாளு ஆவுது. வண்டி வருமா, வராதா? இன்னாத்துக்கு எங்க மேல கோவம்?"

அந்த அழகான குரல் பதில் சொன்னது: 'மன்னிக்கவும். உங்கள் தேர்வு தவறானது.'

"இன்னாமா? கேக்கல."

'மன்னிக்கவும். உங்கள் தேர்வு தவறானது.'

ஆறாவது அழைப்பு மூன்று விநாடி. காற்று மட்டும்.

"அப்பா, அந்த ஆன்ட்டி பேசறாங்க" என்றாள் நிலா. "ஏன் யாரும் அவங்களுக்குப் பதில் குடுக்கல?"

"மிஷின் எடுத்துடுச்சிம்மா" என்றேன்.

"அப்போ நீ ஏன் மிஷின் வெச்ச?" என்று கேட்டாள். அவளுடைய உடைந்த தமிழில் கேட்டதால் அது இன்னும் நேராக வந்து தைத்தது. அவளுக்கு வேறு மாதிரிச் சுற்றிக் கேட்கத் தெரியாது. நான் கம்ப்யூட்டரை மூடினேன். எனக்கு அழுகை வந்தது, அவள் எதிரில் அழக் கூடாது என்று பால்கனிக்குப் போய்விட்டேன்.

7

அக்கா யாரிடமும் போனில் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல்போன் கடைக்குப் போய், என் ஏற்பாட்டைப் பழைய நம்பரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். அதற்கு மறுநாள் வெறும் வண்டியில் சேகரோடு மலை ஏறினாள். ஆறு ஊருக்கும் போனாள். இரண்டு ஊர்க்காரர்கள் ஏற்கனவே வேறு வண்டிக்கு மாறிவிட்டார்கள். மூன்று ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே, மிஷின் வைத்த சங்கதியைக் கேட்டு, போனால் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. இதை எனக்குச் சேகர் குரல் பதிவில் அனுப்பினான். அவள் கிழங்கை ஒடித்துப் பார்த்தால் உள்ளே கோடுகோடாகக் கருப்பாம். நல்லதைப் பொறுக்கி அரிந்து காய வைத்திருந்தாளாம். மீதி மாட்டுக்குப் போனது. ஒரு வருடத்து உழைப்பில் பாதிக்கு மேல் அப்படிப் போயிருக்கிறது.

"வண்டி இல்லன்னா இல்லன்னு சொல்லுவ, அதுல ஒண்ணும் தப்பு இல்ல" என்று அவள் அக்காவிடம் சொன்னாளாம். "எங்களாண்ட பேசறதுக்குப் பட்டணத்துப் பொம்பள ஒருத்திய வெச்சிக்கினியே, அதாம்மா மனசு ஆறல."

அக்கா விளக்கம் சொல்லவில்லையாம். என் பெயரையும் எடுக்கவில்லையாம். "மறுபடியும் ரிங் உடுவியா?" என்று மட்டும் கேட்டாளாம். "பாக்கலாம்" என்றாளாம் சின்னப்பொண்ணு. அவளுக்கு மேட்டுக்காட்டில் இன்னும் கொஞ்சம் கிழங்கு பிடுங்காமல் இருந்தது. அதை யார் வண்டியில் ஏற்றுவாள் என்பதுதான் கேள்வி.

அன்றைக்கு இறங்கி வந்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கேட்க விடவில்லை.

"உன் மிஷின தூக்கிப் போட்டுடல. வேற நம்பர்ல இருக்கட்டும். பேக்டரிக்காரனாண்ட அது பேசட்டும், உங்க மாமாவும் எடுக்கட்டும். அது நல்லாத்தான் கீது. மலைக்கு நானு எடுக்காம இருக்கறேன்."

"சரிக்கா."

"அவ மறுபடியும் ரிங் உட்டா உனக்குத் தெரியப்படுத்தறேன். அதுவரிக்கும் நீ போனு போடாத. உன் மூஞ்சப் பாத்தா எனக்கு அவ காய வெச்ச கெழங்குதான் தெரியுது."

அதற்குப் பிறகு மூன்று வாரம். நான் போடவில்லை. அவளும் போடவில்லை. செலவே இல்லாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், முகம் பார்த்துப் பேசலாம். அந்த வசதி அப்படியே இருக்கிறது. பேசத்தான் வழியில்லை. சேகரிடம் இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். "அந்தம்மா இன்னும் அடிக்கலண்ணா" என்றுதான் பதில் வந்தது.

இந்த மூன்று வாரத்தில் எனக்கு மறந்துபோன ஒன்று ஞாபகம் வந்து உயிரை வாங்குகிறது. நான் சென்னையில் ஹாஸ்டலில் படித்த நான்கு வருடமும், சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா ஒரு ரிங் விடுவாள். நான் எடுக்க மாட்டேன். எல்லாரும் நல்லாருக்கோம் என்று பொருள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. நான் இங்கே வந்து நெட் கால் வந்த பிறகு, "இனிமே எதுக்குக்கா மிஸ்டு கால்? கஞ்சத்தனம். ஃப்ரீதானே, பேசு" என்று நானேதான் நிறுத்தினேன். அதை நான் காசில்லாதவர்களின் வழக்கம் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு ரிங்குக்குள் எல்லாம் இருந்தது. பிறகு மணிக்கணக்காகப் பேசினோம், வெயில் எப்படி, குளிர் எப்படி என்று. அதில் பாதி நேரம் 'கேக்குதா, கேக்குதா' என்பதிலேயே போனது.

பேக்கரிக்காரரிடம் இதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது? என் ஜெர்மன் அதற்குப் போதாது. போதுமாக இருந்தாலும் அவர் இரண்டு ரொட்டியைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார். அவருக்கு என் மிஷின் சரியாகத்தான் பொருந்தும். அடுத்த வாரம் போய்ப் போட்டுக்கொடுப்பேன். ஆனால் இனிமேல் யார் கடைக்குப் போனாலும், போனை எடுக்காமல் எதையாவது சொல்லிக்கொள்கிறீர்களா என்று முதலில் கேட்பேன். சிரித்தால் சிரிக்கட்டும். நானும் சிரித்தவன்தானே.

8

இதுவரை எழுதி நிறுத்திவிட்டு டீ போட எழுந்தேன். நிலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என் போன் அவளுக்குப் பக்கத்தில் கிடந்தது. இங்கே பிற்பகல் இரண்டரை. ஊரில் ஏழு.

போன் அடித்தது.

"அப்பா, அத்தை!" என்றாள் நிலா. கூப்பிட்டால் எடுக்கவே எடுக்காத பெண், இன்றைக்குப் பார்த்துக் கையை நீட்டிவிட்டாள். மூன்று வாரமாக வீடு எப்படி இருந்தது என்று அவளுக்கும் தெரியும். அவளுடைய விரல் பச்சை வட்டத்துக்கு மேலே இருந்தது.

"எடுக்காத!" என்று கத்தினேன்.

அவள் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். நான் அப்படிக் கத்துகிறவன் இல்லை. கையிலிருந்த பால் பாத்திரம் அடுப்பில் சாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு ரிங் முழுசாக அடித்தது. நின்றுவிட்டது. இரண்டாவது வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அத்தை இன்னும் கோவமா?" என்று கேட்டாள் நிலா. "ஏன் கட் பண்ணிட்டாங்க?"

"மலையில சின்னப்பொண்ணு மூட்டை கட்டிட்டாங்களாம்" என்றேன். "நாளைக்கு நம்ம வண்டி போவுது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போனைத் திருப்பி என்னிடம் காட்டினாள். திரையில் சிவப்பு எழுத்தில் இருந்தது: தவறிய அழைப்பு, ஒன்று.

அதை அழிக்க வேண்டாம் என்று சொன்னேன்.